நச்சு உலோகங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கன உலோகம், நச்சு உலோகம் இரண்டும் ஒன்றுதானே சார்?

பதில்: இல்லை. கனம் என்பது அடர்த்தியைக் குறிக்கிறது. அதற்கும் எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாமே கன உலோகங்கள்தான். அவை இல்லாமல் உடம்பு இயங்காது. பிஸ்மத் நல்ல கனமான உலோகம், அதன் உப்புகளை வயிற்று மருந்துகளில் சேர்க்கிறார்கள். பெரிலியமோ அலுமினியத்தைவிட லேசானது, ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும். ஆர்சனிக் முழு உலோகம்கூட இல்லை, உலோகப்போலி. வேதியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐயூபேக் 2002-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை 'கன உலோகம்' என்பது பொருளற்ற சொல் என்றே சொன்னது. என் கருத்தும் அதுதான். யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பயமுறுத்தினால், எந்த உலோகம், எந்த வடிவில், எவ்வளவு, உடம்புக்குள் எந்த வழியாக என்று கேளுங்கள்.

கேள்வி: வடிவம் என்றால் என்ன? பாதரசம் எப்படி இருந்தாலும் பாதரசம்தானே?

பதில்: அங்கேதான் விஷயமே இருக்கிறது. திரவப் பாதரசம் ஒரு துளி வயிற்றுக்குள் போனால் குடல் அதை அநேகமாக உறிஞ்சுவதில்லை. அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்துவிடும். பாதரசம் கார்பனோடு சேர்ந்த வடிவமான மீத்தைல் பாதரசம் இன்னும் மோசம்: உணவோடு போனால் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் ஏறும், மூளைக்கும் போகும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயன ஆலையின் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களுக்குப் போனது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அறிகுறி அதிகம் தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. இதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

குரோமியமும் அப்படித்தான். மூன்று இணைதிறன் கொண்டது அவ்வளவு ஆபத்தில்லை. ஆறு இணைதிறன் கொண்டதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம்.

கேள்வி: வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. பெருக்கிவிடலாமா?

பதில்: கூடாது. துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் துளிகளைச் சிதறடித்து ஆவியைக் கூட்டிவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் துளிகளைச் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

கேள்வி: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போய்விடுமா?

பதில்: போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது, ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

கேள்வி: என் மகளுக்கு ரத்தத்தில் ஈயம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

பதில்: அம்மா, பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உரிந்த பழைய பெயின்ட், அதன் தூசி, வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்தால் அவருடைய உடுப்பு, இவற்றை முதலில் பாருங்கள். குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் கூடும், அதையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் உலோகங்களை வெளியேற்றும் கீலேஷன் மருந்தை நாமே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது கடுமையான நச்சேற்றத்துக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது. தவறான மருந்தால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தவர்கள் உண்டு.