குலதெய்வம் எதுவென்றே தெரியாதவர்கள் யாரிடம் கேட்பது?

கேள்வி: முன்னோர், மண், மரம் என்று போகும் வழிபாட்டில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஆனால் எங்கள் குலதெய்வம் எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஜோசியரிடம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பெண் தெய்வம், நீர்நிலைக்குப் பக்கத்தில்" என்றார். நீர்நிலைக்குப் பக்கத்தில் இல்லாத அம்மனைத் தேடுவதுதான் கஷ்டம்!

வழி காட்டியது அப்பாவின் அத்தை. எண்பதைத் தாண்டியவர். குலதெய்வம் எது என்று நேராகக் கேட்டதற்கு "தெரியலடா" என்றார். "அப்பாவுக்கு முதல் மொட்டை எங்கே போட்டாங்க?" என்று மாற்றிக் கேட்டதும், வண்டி கட்டிக்கொண்டு போனது, கண்மாய்க் கரையில் பொங்கல் வைத்தது, காட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து முள் தைத்தது எல்லாம் வரிசையாக வந்தது. ஊர்ப் பெயர்தான் வரவில்லை. அது ஒரு பங்காளி வீட்டில், பழைய கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் இருந்த 'துணை' வரியில் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பத்திரிகைகளையும் புரட்டிப் பாருங்கள். தலைமுறை தாண்டித் திரும்பத் திரும்ப வரும் பெயர்களையும் கவனியுங்கள். கருப்பையா, பேச்சி, மாயாண்டி எல்லாம் சும்மா வைக்கப்பட்ட பெயர்கள் இல்லை.

புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தால், அய்யனார். ஜோசியர் சொன்னதில் கண்மாய் மட்டும் சரி.

கோயிலைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அதைச் சுற்றியிருந்த காடு. காசா, வீரை, உலக்கைப்பாலை என்று மரங்கள், வெயில் தரையைத் தொடாத அளவுக்கு அடர்த்தி. விழுந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. கிழக்குக் கரையோரத்து உலர் பசுமைக் காடுகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இப்படிச் சாமிக்குப் பயந்து விட்டுவைத்தவைதான். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் இருக்கும் வீரகோவில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. 2025-இல் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன். யார் எதுவரை வரலாம் என்பதில் சாதி இன்னும் பல கோயில்களில் நிற்கிறது. பக்தி கூடிப்போய் மரத்தை வெட்டி டைல்ஸ் பதித்த மண்டபம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் கோயிலில் பூசாரி, மண்பாண்டம் செய்யும் வேளார். அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்பவரும் அவரே. ஊர்க்காரர்கள் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். பழைய குதிரைகள் காது உடைந்து, கால் கரைந்து மரத்தடியில் கிடக்கின்றன. ஒட்டவைக்கலாமே என்றேன். "மண்ணுதானே தம்பி, போகட்டும்" என்றார்.

ஊர்விட்டு ஊர் போனவர்கள் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய் இருக்கும் இடத்தில் சாமியை நிறுத்துவதும் வழக்கம். நானும் கேட்டேன், வீட்டில் வைத்துக் கும்பிட. சட்டென்று கொடுத்துவிடவில்லை.

"எடுத்துட்டுப் போனா வருசம் தவறாம பூசை வைக்கணும். உனக்கப்புறம் யாரு வைப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மாசி சிவராத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"அப்ப வா. வரும்போது அந்த அத்தையையும் கூட்டிட்டு வா" என்றார்.