பழைய கார்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

பத்து வயதைத் தாண்டிய கார் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்றுதான்: பாகத்தை மாற்றினார்கள், பணம் போனது, கோளாறு மட்டும் போகவில்லை.

கேள்வி: 2008 சான்ட்ரோ, 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சேலத்தில் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பைபாஸில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. மெக்கானிக் முதலில், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்துவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை சார்" என்றார். பிறகு கூலன்ட் மாற்றினார். இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலைக்கு ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேனைத்தான். நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாகப் போனாலோ ஏற்காடு மலை ஏறினாலோ சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று யோசிக்கலாம்.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ரிலேயிலோ சென்ஸரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இந்த வயது கார்களில் அது சாதாரணம். எலக்ட்ரீஷியன்கள் ஃபேன் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போவதும் இந்த இடத்தில்தான்; சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், வேகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஃபேனும் சரி என்றால், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஆண்டுத் தூசியும் சருகும் அங்கே திண்டு போல அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் கன்னை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. இது வெறும் மூடியல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. 0.9 அல்லது 1.1 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை தாங்குகிறது. ரப்பர் காய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. அதே எண் உள்ள புது மூடி போடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துபோகும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாடு முழுக்க இதைக் கழற்றிப் போடும் வழக்கம் இருக்கிறது. என் மனதுக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்குச் சற்று மேலே திறந்துகொள்ளும். அது இல்லாவிட்டால் பைபாஸில் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டையே எட்டாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் கொடுக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும். மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்தான் காரைச் சூடாக்கும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது.

கூலன்டில் போர் தண்ணீர் கலந்திருந்தால் மொத்தத்தையும் இறக்கிவிட்டு மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே படியும், துருப்பிடிக்கவைக்கும். கலந்தே வரும் கூலன்ட் வாங்குங்கள். இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலைப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் படிவு, ரேடியேட்டரில் விடாமல் வரும் குமிழி, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கல் போல இறுகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை எதுவுமில்லாமல் ஹெட்டை இறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் போட்டு ஓரங்கட்டுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓட்டிய பிறகுதான் பலருடைய ஹெட் வளைந்திருக்கிறது.

கேள்வி: 2010 ஐ10, 1.1 லிட்டர். 58,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். எந்தச் சத்தமும் இல்லையே, எதற்கு வீண் செலவு?

பதில்: இந்த ஒரு செலவில் உங்கள் மெக்கானிக் பக்கம்தான் நான். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டுவிட்டு அறுவதில்லை. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல, வயதும் கணக்கு. இத்தனை ஆண்டு பழைய பெல்ட்டை இந்த வாரமே மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் பெல்ட் செலவின் பல மடங்கு ஆகும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள், வாட்டர் பம்ப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. அதே ஐ10-இல் 1.2 லிட்டர் கப்பா எஞ்சினுக்கும், மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களுக்கும், ஸ்விஃப்ட் டீசலுக்கும் பெல்ட்டுக்குப் பதில் செயின்தான். பழைய வேகன்ஆர் 1.1-க்கு பெல்ட். உங்கள் காரில் எது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் போகாதீர்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. கடைக்காரர் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். மல்டிமீட்டரில் மூன்று அளவுகள் எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். மூன்றாவது, கார் அணைந்து பூட்டிய பிறகும் எவ்வளவு கரன்ட் போகிறது என்பது. அரை மணி நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் எங்கோ திருட்டுப் போகிறது. பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, ஜி.பி.எஸ்., அலாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தாலும் ஸ்டார்ட்டிங் டிரபிள் வரும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் காசு தேவையில்லை.

இவை மூன்றும் சரியாக இருந்தால் பேட்டரிதான் குற்றவாளி. பேட்டரிக்குப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்ட்டின் முடிவை எழுத்தில் கேளுங்கள். வாரன்டி கார்டில் இலவசமாக மாற்றித் தரும் காலம், விலையில் ஒரு பங்கு கழித்துத் தரும் காலம் என்று இரண்டு இருக்கும். எட்டு மாதம் என்பது பெரும்பாலும் முதல் காலத்துக்குள் வரும். கார்டில் வாங்கிய தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2011 ஸ்விஃப்ட்டைக் கெடுத்துவிடுமா?

பதில்: எஞ்சின் ஒரே நாளில் போய்விடாது. ஆனால் பாதிப்பே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. லிட்டருக்கு 15 கொடுத்த கார் 14 கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்காக இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ரப்பர். பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் சீல், டேங்க் கேஸ்கெட் எல்லாம் பழைய காலத்தவை. சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ மாற்றிவிடுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பார்க்க வேண்டும். அது தீப்பிடிக்கும் விஷயம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல.

கேள்வி: ஆர்.சி. முடிய மூன்று மாதம் இருக்கிறது. டெல்லியில் இருக்கும் மைத்துனர், 15 வருட காரை உடைத்துவிடுவார்கள் என்கிறார்.

பதில்: 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு டெல்லியையும் சுற்றுப்பகுதியையும் பற்றியது. இங்கே சோதனையில் தேறினால் ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். சேஸிஸ் நம்பர் துருவில் மறையாமல் படிக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆய்வாளர் முன்னால் போய்ச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேள்வி: வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றி 11,000 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. பழைய பாகத்தைக் கேட்டால் "ஸ்க்ராப்பில் போட்டுவிட்டோம்" என்கிறார்கள். பில்லும் வெள்ளைத்தாளில்தான்.

பதில்: சின்ன மேடுகளில் 'டக் டக்' என்றால் முதலில் பார்க்க வேண்டியவை சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடும், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும். ஷாக் போயிருந்தால் அதில் ஆயில் கசிவு தெரியும், கார் மேட்டைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். வேறொரு மெக்கானிக்கை உங்களோடு உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வண்டியைத் தூக்கி, கம்பியால் ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பிப் பார்த்த பிறகு அவர் சொல்லட்டும். பாகத்தை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம். சென்னை என்றால் ஜி.பி. ரோடு கடைகளில் பெட்டியின் விலை லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, சீட் வாங்கலாம். பிரேக், பெல்ட், புஷ் போன்றவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

பணத்துக்கு, முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி, ஜி.பே. ரசீது, இரண்டாவது மெக்கானிக் எழுதித் தரும் குறிப்பு எல்லாம் சான்றுதான். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அடுத்த முறை வேலை தொடங்கும் முன்பே, பழைய பாகம் வேண்டும் என்பதை எஸ்டிமேட்டில் எழுதவைத்துவிடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். 2007 கார். கிளட்ச், ஏ.சி., சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் எஸ்டிமேட். விற்றால் 70,000-தான் கிடைக்கும். செலவழிக்கலாமா?

பதில்: விற்கும் விலையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தச் செலவுக்குப் பிறகு கார் இரண்டு ஆண்டு ஓடினால் மாதத்துக்கு 2,000 ரூபாய்க்குக் கீழேதான். எந்தப் புதுக் காரின் தவணையும் அதற்குள் வராது. ஆனால் கடற்கரை ஊர் என்பதால் முதலில் துருவைப் பாருங்கள். காரை லிஃப்டில் ஏற்றி, அடித்தளம், கதவுகளுக்குக் கீழே ஓடும் சைடு பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் பாடியில் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் 45,000-இல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். கதவின் ஓரத்தில் மட்டும் துரு என்றால் தாராளமாகச் செலவழிக்கலாம். கிளட்ச்சும் சஸ்பென்ஷனும் முதலில். ஏ.சி.க்கு வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் காட்டிய பிறகுதான் பணம் கொடுங்கள்.

இன்னொன்றையும் குடும்பத்தோடு பேசுங்கள். புதுக் கார்களில் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமானது 2019-இல்தான். 2007-இன் சிறிய கார்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. ஊருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர இந்தக் கார் போதும். குழந்தைகளோடு அடிக்கடி இரவில் நெடுஞ்சாலையில் சென்னைக்குப் போகிறவர்கள் என்றால், துரு இல்லாவிட்டாலும் நான் இதை விற்கத்தான் சொல்வேன்.