சூரிகாட்டாவில் ஹோம் நெட்: கல்முனைக் கிளை ஏன் வெளியாளாகத் தெரிகிறது?

கேள்வி: தலைமை அலுவலகம் மட்டக்களப்பில் (192.168.10.0/24), கிளை கல்முனையில் (192.168.20.0/24). கிளையின் இன்டர்நெட்டும் விபிஎன் வழியே எங்கள் லினக்ஸ் கேட்வேக்கு வந்துதான் வெளியே போகிறது. அதே கேட்வேயில் சூரிகாட்டாவை (வலைப் போக்குவரத்தை விதிகளோடு ஒப்பிட்டுத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) ஐபிஎஸ் ஆக, அதாவது தாக்குதலைத் தடுக்கும் முறையில், ஓடவிட்டு, ஹோம் நெட்டில் (HOME_NET: எங்கள் சொந்த முகவரிகள் எவை என்று சொல்லும் அமைப்பு) மட்டக்களப்பு முகவரியை மட்டும் போட்டோம். கல்முனையிலிருந்து சேர்வருக்கு வரும் வழமையான வேலைக்கே எச்சரிக்கை குவிகிறது. எச்சரிக்கை வருகிறதா என்று சோதிக்கவே உள்ள பரிசோதனைத் தளத்தைத் திறந்தால் எச்சரிக்கை சரியாகவே விழுகிறது. எங்கே பிழை?

பதில்: பிழை ஹோம் நெட் என்ற அந்த ஒற்றை வரியில்தான். பெரும்பாலான விதிகள் 'எக்ஸ்டேர்னல் நெட்டிலிருந்து ஹோம் நெட்டுக்கு' அல்லது அதற்கு எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. எக்ஸ்டேர்னல் நெட்டின் இயல்பு மதிப்பு 'ஹோம் நெட் அல்லாத எல்லாம்'. ஆகவே கல்முனை உங்கள் சூரிகாட்டாவுக்கு வெளியாள். இதைவிடப் பாரதூரமானது மறுபக்கம்: கல்முனைக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்து வெளியே தொடர்பு கொண்டால், 'ஹோம் நெட்டிலிருந்து' என்று தொடங்கும் விதி எதுவும் அதில் பொருந்தாது. அந்த விதிகளிடமிருந்து சத்தமே வராது.

சூரிகாட்டாவின் யாமல் கோப்பில் (suricata.yaml), முகவரிக் குழுக்கள் (address-groups) பகுதியில், ஹோம் நெட்டுக்கு எதிரே இப்படி எழுதுங்கள்:

"[192.168.10.0/24,192.168.20.0/24]"

மேற்கோள் குறியை விடக் கூடாது. வரியை உள்தள்ள ஸ்பேஸ் மட்டுமே. டேப் அடித்தால் கோப்பே வாசிக்கப்படாது. சேமித்ததும் முதலில் பரிசோதனை முறையில் (-T தெரிவு, பெரிய எழுத்து) ஓட்டிப் பாருங்கள். பிறகு விதிகளை ரீலோட் செய்தால் போதும், புதிய மதிப்பு ஏறிவிடும். கேட்வேயைக் கடந்து போகும் பக்கெட்டுகளைக் கையாளும் ஃபோர்வேர்ட் சங்கிலியில் பிடிக்கும்போது பக்கெட்டில் உள்ளூர் முகவரியே இருக்கும். கேட்வேயின் பொது முகவரியை ஹோம் நெட்டில் சேர்க்கத் தேவையில்லை.

பரிசோதனைத் தளத்தை நம்பி இருக்காதீர்கள். அது தூண்டும் 2100498 இலக்க விதி, எந்த முகவரியிலிருந்தும் எந்த முகவரிக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. ஹோம் நெட் முழுக்கப் பிழையாக இருந்தாலும் அது அடிக்கும். உங்கள் சொந்த விதியை எழுதுங்கள்: ஹோம் நெட்டிலிருந்து எக்ஸ்டேர்னல் நெட்டுக்குப் போகும் பிங் கோரிக்கைக்கு எச்சரிக்கை, இலக்கம் 1000001. கல்முனையிலிருந்து 8.8.8.8க்குப் பிங் செய்தால் அடிக்க வேண்டும். மட்டக்களப்பு சேர்வருக்குச் செய்தால் அடிக்கக் கூடாது. இரண்டும் சரிவந்தால்தான் வரி சரி.

எக்ஸ்டேர்னல் நெட்டை 'எதுவும்' (any) என்று மாற்றச் சிலர் சொல்வார்கள். இரு கிளைகளுக்கிடையே பரவும் தாக்குதலும் தெரியும் என்பது உண்மை. ஆனால் பக்கெட்டைத் தடுத்து நிறுத்தும் டிராப் விதிகள் இயங்கும்போது கோப்புப் பகிர்வும் பிரிண்டரும் சேர்ந்து அறுந்துபோகலாம். இப்போதைக்கு இயல்பு மதிப்பிலேயே விடுங்கள்.

எச்டிடிபி போர்ட் பட்டியலில் அதிகம் மெனக்கெட வேண்டாம். எச்டிடிபி என்று தொடங்கும் விதிகள் போர்ட்டைப் பார்க்காமல் நெறிமுறையையே இனங்காண்கின்றன. ஆனால் உங்கள் இணைப்பில் ஐபிவி6 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இயல்பான ஹோம் நெட்டில் ஐபிவி4 தனியார் முகவரிகள் மட்டுமே உண்டு. வந்தால் அந்த முன்னொட்டையும் சேருங்கள். புது மதிப்புகளோடு ஒரு வாரமாவது எச்சரிக்கை மட்டும் ஓடட்டும். பதிவுகளைப் பார்த்து, பொய் எச்சரிக்கை தராத விதிகளை மட்டும் டிராப்புக்கு மாற்றுங்கள்.