அலை அடங்கிய நாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

கட்டுமரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். போன மாதம் மீன்பிடி கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஒன்று வாங்கினேன், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. முட்டுக்காடு காயலில் நான்கு முறை ஓட்டிவிட்டேன். இனி கோவளம் பக்கம் தனியாகக் கடலில் இறக்கி வஞ்சிரம் பிடிக்க ஆசை. தென்னாப்பிரிக்காவில் ஆளுயர அலையைத் தாண்டிப் போய்த் தூண்டில் போடுகிற வீடியோக்களைப் பார்த்தால் நம்மாலும் முடியும் என்று தோன்றுகிறது. குப்பத்துப் பெரியவர் ஒருவர், “ஐப்பசி கார்த்திகையில இறங்காதீங்க தம்பி” என்கிறார். அலை அடங்கிய நாளாகப் பார்த்துப் போனால் போதும்தானே?

ச., வேளச்சேரி

அன்புள்ள ச.,

பெரியவர் சொன்னதைக் கேளுங்கள். வாடைக்காற்று மாதங்களில் நம் கரையில் கயாக்கை இறக்க வேண்டாம். தை கழியட்டும்.

எனக்குக் கவலை உங்கள் கடைசி வரியில்தான். ஆனி, ஆடியில் விடிகாலை கரையில் நின்று பாருங்கள். கடல் சில நாள் குளம் போலக் கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று முதுகைத் தள்ளும். துடுப்பு போடாமலே படகு நகரும், சுகமாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பும்போதுதான் அது எதிர்க்காற்று என்று தெரியும். கட்டுமரக்காரர்கள் இதே கரைக்காற்றில் இருட்டோடு பாய் விரித்துப் போனார்கள், பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே பாயில் திரும்பினார்கள். உங்களிடம் பாய் இல்லை, இரண்டு கைகள்தான். கடற்காற்று சில நாள் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும்.

உங்கள் கயாக்கின் தளத்தில் மேலிருந்து கீழாக ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அலை மேலே ஏறினால் தண்ணீர் அதன் வழியாக வடிந்துவிடும். கட்டுமரத்தில் மரங்களுக்கு இடையே உள்ள சந்து செய்வதும் இதைத்தான். அந்த வகையில் இரண்டும் ஒரே சாதி. ஆனால் கட்டுமரம் முழு மரம், உள்ளே தண்ணீர் புக இடமே இல்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயவைத்தால் மறுநாள் தொழிலுக்குத் தயார். கயாக் உள்ளே வெற்றுக்கூடு. பின்னால் இருக்கும் சின்ன அடைப்பான் தளர்ந்திருந்தாலோ மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே சேரும். சேர்ந்த தண்ணீர் ஒவ்வொரு அலைக்கும் பக்கத்துக்குப் பக்கம் ஓட, படகு நிலையிழந்து கவிழும். இறக்கும் முன்பு அடைப்பானைக் கையால் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும்.

அப்புறம், போவது பெரிதில்லை. அலைகள் கூட்டமாக வரும், நடுவில் சற்று ஓயும். அந்த ஓய்வில் மூக்கை நேராக வைத்துத் துடுப்பு போட்டால் தாண்டிவிடலாம். வரும்போது அலை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நான் ஒருமுறை திரும்பி வந்தபோது கரை முப்பதடிதான் இருந்தது. துடுப்பை நிறுத்திவிட்டேன். வாலை ஒரு அலை தூக்கியது, மூக்கு தண்ணீருக்குள் குத்தியது, படகு குறுக்கே திரும்பிப் புரண்டது. எழுந்து பார்த்தால் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கிறேன். அடுத்த அலை அந்தப் படகை, உள்ளே புகுந்த தண்ணீரின் பாரத்தோடு, என் முழங்காலில் கொண்டுவந்து மோதியது. குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து இழுத்தார்கள். விழுந்தால் எப்போதும் படகின் கடல் பக்கமாக நில்லுங்கள். தூண்டில் கழிகளை அலைக்குள் நுழையும் முன்பே கட்டிவிடுங்கள். அவிழ்ந்த கொக்கி உங்கள் தோளில்தான் ஏறும்.

மெட்ராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினாலும் நெளிந்து கொடுக்கும். அந்தப் படகுக்குப் பக்கத்திலேயே கட்டுமரமும் வரும், விழுந்தவர்களைத் தூக்குவதற்கு. அந்த அலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் துணை இல்லாமல் ஆட்களை ஏற்றிவரவில்லை. நீங்கள் தனியாகப் போவதாக எழுதியிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

முதல் நாள் இரவு ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை உயரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை 6 விநாடிக்கு ஒருமுறை வருவது வேறு, 14 விநாடிக்கு ஒருமுறை வருவது வேறு. இரண்டாவது வகை எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலிலிருந்து வருகிறது. இங்கே காற்றே இருக்காது, கரையில் மட்டும் திடீரென்று எழுந்து அடிக்கும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள்.

காயலில் நான்கு முறை ஓட்டியதில் எத்தனை முறை கவிழ்த்துப் பார்த்தீர்கள்? உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நிலைகொள்ளாத ஆழத்தில் வேண்டுமென்றே கவிழுங்கள். படகைத் திருப்பி, காலை உதைத்து வயிற்றால் மேலே ஏறி, புரண்டு உட்காருங்கள். களைத்த பிறகும் ஏற முடிகிறதா என்று பாருங்கள். கடலில் ஏற வேண்டி வருவது களைத்த பிறகுதான்.

தை முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் மறுபடி போங்கள். அவர் எந்த இடத்தில், எந்த அலையின் பின்னால் இறக்குகிறார் என்று ஒரு வாரம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அதுவரை தூண்டில் வீட்டில் இருக்கட்டும்.