கோமோவில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

கேள்வி: மே மாதம் இத்தாலியில் மிலானில் நான்கு நாள் தங்குகிறோம். ஒரு நாள் கோமோ ஏரிக்குப் போக ஆசை. அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. சமதரையில் நடப்பார், படி என்றால் சிரமம். சுத்த சைவம் வேறு. கோமோ நகரம், ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோ இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். படங்களில் அழகாகத் தெரியும் பெல்லாஜியோ சந்துகளில் பாதி கல் படிக்கட்டுகள்தான். கோமோவிலிருந்து சாதாரணப் படகில் அங்கே போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். கோமோ நகரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பழைய ஊர் ரோமானியர் காலத்துத் தெரு அமைப்பு. நேர்த்தெருக்கள், ஏறக்குறைய சமதரை.

உங்களுக்கு முக்கியமான விஷயம் ரயில். மிலான் சென்ட்ராலேயிலிருந்து போகும் ரயில் 40 நிமிடத்தில் கோமோ சான் ஜொவான்னியில் விட்டுவிடும். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஸ்டேஷன் ஊருக்கு மேலே இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே நீளமான படிக்கட்டு. அதை விட்டுவிட்டு, மிலான் கதோர்னா ஸ்டேஷனிலிருந்து கோமோ லாகோ போகும் ரயிலில் ஏறுங்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லை. கடைசி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே ஏரி. படகுத்துறையும் கதீட்ரலும் சில நிமிட நடைதான். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்; மறந்தால் அபராதம்.

படகில் வேகப் படகு, சாதாரணப் படகு என இரண்டு வகை. வேகப் படகுக்குக் கட்டணம் கூடுதல், அதோடு மூடிய அறைக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். சாதாரணப் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஊர் ஊராக நின்று போகும், மேல்தளம் திறந்திருக்கும். ஏரியைப் பார்க்க அதுதான் சரி. தோர்னோ என்ற ஏரிக்கரை ஊர் வரை போய் வந்தால் போதும். நீரை ஒட்டிச் சின்னத் துறை, பக்கத்திலேயே சாந்தா தெக்லா தேவாலயம். இறங்கும் முன் திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் கதீட்ரலுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1396இல் தொடங்கிய கட்டுமானம், முடிய 300 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முகப்பு வாசலின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் சிலைகள் புனிதர்கள் அல்ல, பண்டைய ரோமானிய எழுத்தாளர்களான மூத்த பிளினியும் இளைய பிளினியும். இருவரும் கிறிஸ்தவர்களே இல்லை. ஊர்க்காரர்கள் என்பதால் இடம் கிடைத்துவிட்டது! வடக்குப் பக்க வாசலின் நிலைக்கல்லில் தலை சிதைந்த சின்னத் தவளை ஒன்று செதுக்கியிருக்கும். அந்த வாசலுக்குப் பெயரே தவளை வாசல். குழந்தைகள் கூட வந்தால் தேடச் சொல்லுங்கள்.

மலை மேல் உள்ள புருனாத்தே ஊருக்குப் போகும் கேபிள் ரயில் 1894இல் தொடங்கியது. ஏழு நிமிடத்தில் மேலே போய்விடலாம். காலையிலேயே போய்விடுங்கள், வார இறுதியில் வரிசை நீளும். தண்டவாளம் செங்குத்து என்பதால் ஏறி இறங்கும் இடத்தில் சில படிகள் வரும். அம்மாவுக்கு ஒத்துவராவிட்டால் ஏரிக்கரை பெஞ்ச் இருக்கவே இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. இங்கே ஏரி மீன்தான் விசேஷம், அதனால் கவனம். ரிசொட்டோ என்ற அரிசி உணவு பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள். கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். பக்கத்து மலைப் பகுதியின் பீட்சோக்கெரி என்ற பாஸ்தா கிடைத்தால் நல்லது: பக்வீட் என்ற தானியத்தின் கருநிற மாவில் செய்த நாடாக்கள், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெண்ணெய், சீஸ். அந்த சீஸில்தான் சிக்கல். பால் உறைய கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது இங்கே வழக்கம், பார்மிஜானோ சீஸும் அப்படித்தான். அம்மா அதையும் பார்ப்பார் என்றால் மரினாரா பீட்சா சொல்லுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ அவ்வளவுதான். ‘மரினாரா’ என்றால் கடல் சார்ந்தது என்று பொருளாயிற்றே என்று பயப்பட வேண்டாம், மீன் கிடையாது. பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்குச் சில யூரோ கூடுதலாக இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், உட்கார்ந்ததற்கான கட்டணம் அது.