ஆட்டோமேட்டிக் காரும் டிராக் ரேஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் 2013-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 320டி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கார் உள்ளது. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றம்) செய்தபின் டார்க் (முறுக்குவிசை) 440 நியூட்டன் மீட்டர் வருகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் பாயும் பந்தயம்) ஓட்டியபோது 402 மீட்டரை 15.1 விநாடியில் கடந்தேன். முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 148 கி.மீ.; முதல் 60 அடிக்கு மட்டும் 2.4 விநாடி ஆனது. 3,500 ஸ்டால் (கார் நிற்கும்போதே எஞ்சினை 3,500 சுற்று வரை ஏறவிடும்) டார்க் கன்வர்ட்டர், 3.15 ஃபைனல் டிரைவ் (பின் ஆக்சிலில் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்), லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்ரன்ஷியல்) ஆகிய மூன்றையும் நண்பர்கள் போடச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. எதை முதலில் வாங்குவது? இப்போதுள்ள ஃபைனல் டிரைவ், டிஃப்ரன்ஷியல் தகட்டில் 2.81 என்று உள்ளது. டயர் 225/50 ஆர்17.
வாசகர், காட்பாடி

பதில்: தேவையான எண்கள் அனைத்தையும் தாங்களே எழுதியனுப்பியதால் ஊகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்ல முடிகிறது. முடிவுக் கோட்டு வேகம் எஞ்சினின் பலத்தைக் காட்டும். 60 அடி நேரம் அந்தப் பலம் தரையில் இறங்கியதா என்பதைக் காட்டும். 148 கி.மீ. வேகம் எட்டும் கார் 15.1 விநாடி எடுத்துக்கொள்கிறது என்றால் இழப்பு பெரும்பாலும் புறப்பாட்டில்தான் நேர்கிறது. 60 அடியில் மிச்சப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் முடிவுக் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கிடைக்கும் என்பது டிராக்கில் இருப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு.

இப்போது தங்கள் காரின் முதல் கியரைப் பார்ப்போம். அந்த கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 4.71. அதை 2.81-ஆல் பெருக்கினால் 13.2 வருகிறது. அதாவது எஞ்சின் தரும் 440 நியூட்டன் மீட்டர், சக்கரத்தை அடையும்போது பதின்மூன்று மடங்காகிறது. உராய்வில் 15 விழுக்காடு போனதாக வைத்துக்கொண்டு, டயரின் ஆரமான 0.328 மீட்டரால் வகுத்து, வரும் நியூட்டனைக் கிலோவாக மாற்றினால், பின்சக்கரங்கள் தரையைத் தள்ளும் விசை சுமார் 1,540 கிலோ. டார்க் கன்வர்ட்டர் கூடுதலாகப் பெருக்கித் தருவதை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஓட்டுநருடன் 1,600 கிலோ எடையுள்ள கார் வேகமெடுக்கும்போது பின்சக்கரங்களின் மீது அமரும் எடை சுமார் 940 கிலோ. நல்ல தார்த் தளத்தில் சாதாரண டயர் தன் மீதுள்ள எடையளவுக்குத்தான் பிடிக்கும். எனவே 940 கிலோ தாங்கக்கூடிய டயரிடம் 1,540 கிலோ கேட்கிறீர்கள். இரண்டாம் கியரிலும் இதே கணக்கு 1,030 கிலோ வரை வருகிறது. மூன்றாம் கியரில்தான் டயர் நிம்மதியாகப் பிடிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் 3.15 ஃபைனல் டிரைவ் தங்களுக்கு எதையும் தராது. ஏற்கெனவே வழுக்கும் சக்கரத்துக்கு இன்னும் 12 விழுக்காடு அதிக விசையை அனுப்பும், அவ்வளவே. முடிவுக் கோட்டிலும் அது தொல்லை தரும். இப்போது தங்கள் கார் ஐந்தாம் கியரில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,300 சுற்றில் கோட்டைக் கடக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அது மிகப் பொருத்தமான இடம். 3.15 போட்டால் அதே வேகத்தில் 4,840 சுற்று வந்துவிடும். அந்த எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும், இல்லையெனில் கோட்டுக்குச் சற்று முன்பாக ஆறாம் கியருக்கு மாற வேண்டியிருக்கும். ஃபைனல் டிரைவை மாற்றுவதற்கு முன் எவரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது: எஞ்சின் சுற்றை டயரின் சுற்றளவால் (மீட்டரில்) பெருக்கி, 0.06-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் வகுத்தால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வந்துவிடும். தங்கள் டயரின் சுற்றளவு 2.06 மீட்டர்.

கன்வர்ட்டர் பற்றிய பரிந்துரை அமெரிக்க வீடியோக்களிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அங்கே அது சரியான பரிந்துரைதான். ஜெனரல் மோட்டார்ஸின் பவர்கிளைடு கியர்பாக்ஸை இன்றும் டிராக் கார்களில் பொருத்துகிறார்கள். அதில் இரண்டே கியர்கள். முதல் கியர் விகிதம் 1.76 அல்லது 1.82. இவ்வளவு குறைந்த விகிதத்தில் கார் துள்ளிப் புறப்பட வேண்டுமானால் பெருக்கும் வேலையைக் கன்வர்ட்டர்தான் செய்தாக வேண்டும். அதோடு அந்தப் பெட்ரோல் வி8 எஞ்சின்களின் டார்க் உயர்ந்த சுற்றுகளில்தான் திரளும் என்பதால், கார் நின்ற நிலையிலேயே எஞ்சினை அந்தச் சுற்றுக்கு ஏறவிடும் உயர் ஸ்டால் கன்வர்ட்டர் அவர்களுக்கு அவசியமாகிறது. தங்கள் டீசல் எஞ்சினோ 1,750 முதல் 2,750 சுற்றுக்குள் தன் முழு டார்க்கையும் தந்து முடித்துவிடுகிறது. அதற்கு 3,500 ஸ்டால் கன்வர்ட்டரைப் பொருத்தினால் டார்க் இறங்கத் தொடங்கிய பிறகுதான் கார் நகரும்; இடைப்பட்ட சக்தி ஆயிலில் வெப்பமாகப் போகும். ஸ்டால் சுற்று, எஞ்சினின் முழு டார்க் எங்கே தொடங்குகிறதோ அதை ஒட்டி அமைய வேண்டும். அந்த வகையில் தங்களிடம் இருக்கும் கன்வர்ட்டரே போதுமானது.

ஆகவே முதல் செலவு டயருக்கு. 8.5 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள ரிம்மில், மென்மையான கலவை கொண்ட 255/40 ஆர்17 செமி-ஸ்லிக் (வரிப்பள்ளம் குறைந்த) டயரைப் பின்னால் பொருத்துங்கள். அதன் விட்டம் இப்போதுள்ளதைவிட 3 விழுக்காடு குறைவு என்பதால், செலவில்லாமலே ஃபைனல் டிரைவ் 2.90 ஆனதுபோல் ஆகிவிடும். முடிவுக் கோட்டில் 4,460 சுற்று வரும், அதுவும் எல்லைக்குள்தான். அடுத்து, ரீமேப் செய்தவரிடமே திரும்பிச் சென்று முதல் இரண்டு கியர்களுக்கு மட்டும் டார்க் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். பலத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதா என்று தோன்றும். சுழலும் டயரைவிடப் பிடிக்கும் டயரே காரை முன்னே தள்ளுகிறது என்பதால் நேரம் குறையவே செய்யும். மூன்றாவதாக லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல். தற்போதுள்ள சாதாரண டிஃப்ரன்ஷியல், பிடிப்புக் குறைந்த சக்கரத்துக்கு எவ்வளவு டார்க் செல்லுமோ அவ்வளவைத்தான் மற்ற சக்கரத்துக்கும் தரும். பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் இந்தக் கட்டை அவிழ்க்கும். இரு சக்கரங்களையும் முழுதாகப் பூட்டும் ஸ்பூல் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு ஓட்டி வர வேண்டிய காருக்கு வளைவுகளில் அது ஆபத்து.

டயர் பிடிக்கத் தொடங்கியதும் அதற்கு முன்னுள்ள பாகங்களின் மீது சுமை ஏறும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று காரைத் தூக்கி, விளக்கு வைத்துப் பாருங்கள். டிஃப்ரன்ஷியலைத் தாங்கும் புஷ்களையும் கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். இவை தளர்ந்திருந்தால் புறப்படும்போது சக்கரம் துள்ளும். அந்தத் துள்ளல்தான் ஆக்சிலை முறிக்கிறது. கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, அதன் 8எச்பி45 என்ற பெயரிலுள்ள 45, ஏறக்குறைய 450 நியூட்டன் மீட்டர் வகை என்பதைச் சுட்டுவது. தாங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். இனி எஞ்சின் டார்க்கை ஏற்ற வேண்டாம்.

இவற்றைச் சோதிப்பதற்குப் புறவழிச்சாலையைத் தேடாமல், தாங்கள் ஏற்கெனவே செய்ததுபோல் டிராக்குக்கே செல்லுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைவிடவும் பெரிது, அங்கே எதிரில் வருபவரின் உயிர்.

கேள்வி: பழைய கான்டெஸ்ஸாவில் டொயோட்டா 1ஜேஇசட் டர்போ எஞ்சினும் அதன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் பொருத்தி, டிராக்குக்காக மட்டும் தயார் செய்து வருகிறோம். எங்கள் ஊர் சிப்காட் பகுதியில் நல்ல லேத் பட்டறைகள் உள்ளன. பின் ஆக்சில் ஷாஃப்டுகளை இஎன்24 இரும்பில் செய்துகொள்ளலாமா?
வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இஎன்24 நல்ல தேர்வு. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த அந்த எஃகு, சாதாரண இஎன்8-ஐவிட முறுக்கை வெகுவாகத் தாங்கும். தங்கள் ஊர்ப் பட்டறைகளின் கைத்திறனிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஷாஃப்ட் உடைவது கடைசலின் பளபளப்பால் தீர்மானிக்கப்படுவதில்லை. ஸ்பிளைன் (ஷாஃப்டின் நுனியில் வெட்டப்படும் பற்கள்) முடியும் இடத்தில் கூர்மையான மூலை இருக்கக் கூடாது. உளி அங்கே வளைவாக ஏற வேண்டும். ஷாஃப்டின் நடுப்பகுதியை ஸ்பிளைனின் அடிவிட்டத்தைவிடச் சற்றே மெல்லியதாகக் கடைய வேண்டும். அப்போதுதான் முறுக்கம் ஸ்பிளைனின் நுனியில் குவியாமல் ஷாஃப்டின் நீளம் முழுவதும் பரவும். வெப்பப் பதப்படுத்தல் எந்த நிலைக்குச் செய்யப்பட்டது என்பதைக் கடினத்தன்மை அளவோடு எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு செய்த பின்னும் எனக்குத் திருப்தியில்லை. காரணம் ஷாஃப்ட் அல்ல. கான்டெஸ்ஸாவின் பின் ஆக்சில், 1.5 லிட்டர் எஞ்சினோடு தொடங்கிய காருக்காக அமைந்தது. தாங்கள் பொருத்தியிருப்பது தொழிற்சாலை நிலையிலேயே 280 குதிரைத்திறன் தரும் எஞ்சின். ஷாஃப்டைப் பலப்படுத்தினால் அடுத்த வலுவற்ற இடமான, டிஃப்ரன்ஷியலுக்குச் சுழற்சி தரும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்களின் பற்கள் நொறுங்கும். அந்தப் பணத்தில் கனமான வண்டியின் முழு ஆக்சில் தொகுப்பை வாங்கி, அகலத்தைக் குறுக்கிப் பொருத்துங்கள். லேத் பட்டறையின் திறமை உண்மையில் பயன்படும் இடம் அதுதான். எஞ்சின் மாற்றிய காரைப் பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றிச் சாலையில் ஓட்ட முடியாது. டிரெய்லரில் ஏற்றிச் செல்லுங்கள்.

கேள்வி: என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2, ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). ரீமேப் செய்யலாமா? தம்பியின் காரில் சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் ஆட்டோமேட்டிக்). அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?
வாசகர், குடியாத்தம்

பதில்: தங்கள் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரை ஏற்கும் வகை, எஞ்சின் தருவது 175. மிதமான ரீமேப்புக்கு இடமிருக்கிறது. அதன் கிளட்ச்சுகள் உலர்ந்தவை, வெப்பத்தை எடுத்துச் செல்ல ஆயில் இல்லை என்பதால் அடுத்தடுத்துப் புறப்பாடு செய்யாமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். தம்பியின் காரை அப்படியே விட்டுவிடுங்கள். சிவிடியில் பெல்ட் ஒருமுறை வழுக்கிப் புல்லியைக் கீறினால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டி வரும்.

கேள்வி: காட்பாடி நண்பரின் காரில் உள்ள அதே எட்டு கியர் ஆட்டோமேட்டிக்தான் என்னுடையதும். ஆயில் மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். டிராக்குக்குப் போகும் காருக்கும் இது பொருந்துமா?
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பொருந்தாது. கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது; டிராக்கில் ஓடும் கார் அதற்கு வெகு முன்னரே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் பேனிலேயே ஃபில்டரும் அடங்கியிருப்பதால் பேனையும் சேர்த்து மாற்றுங்கள்; அதனுள் இருக்கும் காந்தங்களில் படிந்த துகள் பசை போல் இருந்தால் அது வழக்கமான தேய்மானம், சிலும்பாக வந்தால் டிராக்குக்குப் போகாதீர்கள்.

இதில் வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயில் மட்டத்தை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையில் ஆயில் மெல்லிய இழையாக வழிவதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நண்பகலில் நின்ற கார் பட்டறைக்குள் வரும்போதே ஆயில் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேலை முடிவதற்குள் 50-ஐக் கடந்துவிடும். விரிந்த ஆயில் முன்கூட்டியே வழிவதால், பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று மெக்கானிக் மூடிவிடுவார். ஆறியபின் மட்டம் குறைந்து, புறப்பாட்டின்போது பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். எனவே காரை முந்தின இரவே பட்டறையில் விட்டு, காலையில் முதல் வேலையாக, ஸ்கேனரில் வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள்.