ஃப்ளைட் சிமுலேட்டருக்காக பிசி அசெம்பிள் செய்யும்போது எந்தப் பாகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டும்?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-ஐ 1440பி திரையில் நல்ல தரத்தில் ஓட்ட வேண்டும், பெரும்பாலும் ஏர்பஸ், போயிங் மாதிரி பெரிய விமானங்கள், பின்னால் 4கே அல்லது விஆர் பக்கம் போகலாம், எனவே பட்ஜெட்டில் பெரும்பகுதியை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். மற்ற கேம்களுக்குச் சரியாக வரும் அந்தக் கணக்கு இங்கே உதைக்கும்.

விமானத்தின் பறப்புக் கணக்கு, ஆட்டோபைலட், எஃப்எம்எஸ் (விமானத்தின் வழித்தடக் கணினி), சுற்றியிருக்கும் ட்ராஃபிக், தரைக்காட்சியில் இந்த நொடியில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற முடிவு, இவற்றில் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒற்றை வரிசையில் நின்றுதான் நடக்கிறது. ப்ராசசரில் 16 கோர் இருந்தாலும் அந்த வரிசை ஒரு கோரில்தான் ஓடும். எண்ணாகவே பாருங்கள்: 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம்) வேண்டுமானால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டில் முடிய வேண்டும். கனமான ஏர்லைனரோடு பெரிய விமான நிலையத்தில் நிற்கும்போது மெயின் த்ரெட் 28 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு தன் பங்கை 12 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு மீதி 16-ம் சும்மா இருக்கும். கிடைப்பது 35 எஃப்பிஎஸ். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டாலும் அதே 35-தான். கார்டு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் சும்மா இருக்கும், அவ்வளவே.

அதனால் ப்ராசசரை முதலில் முடிவு செய்யுங்கள். அதில் பார்க்க வேண்டியது கோர் எண்ணிக்கையை அல்ல, எல்3 கேஷை, அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகத்தை. மெயின் த்ரெட் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏராளமான தரவுகளை அங்கும் இங்குமாகத் தேடி எடுக்கிறது. அது கேஷிலேயே கிடைத்தால் சில நானோசெகண்ட். ரேம் வரை போக வேண்டியிருந்தால் பல மடங்கு தாமதம். ஏஎம்டியின் எக்ஸ்3டி ப்ராசசர்கள் இந்த வேலையில் முன்னால் நிற்பதற்கு இதுவே காரணம். சாதாரண ரைசன் 7 9700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி, 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி. புதிதாக வாங்குவதென்றால் இந்த இரண்டில் ஒன்று போதும். 9800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டதால் சூடு எளிதாக வெளியேறுகிறது, கிளாக் வேகமும் கூடுதல். ஆனாலும் 7800எக்ஸ்3டி குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

16 கோர் 7950எக்ஸ்3டி, 9950எக்ஸ்3டி மீது ஆசை வரும். இவற்றில் 8, 8 கோராக இரண்டு சிப்லெட் (தனித்தனிச் சில்லுத் துண்டு). கூடுதல் கேஷ் ஒன்றில் மட்டுமே இருக்கிறது. சிமுலேட்டர் கேஷ் இல்லாத பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லை. சிப்செட் டிரைவரும் விண்டோஸின் கேம் பாரும் சேர்ந்து அதைச் சரியான பக்கம் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுப்பிவிடும், சில சமயம் தவறும். வீடியோ எடிட்டிங் மாதிரி வேறு வேலையும் இருந்தால் ஒழிய 8 கோரோடு நிற்பது நிம்மதி.

இன்டெல் பக்கம் கோர் ஐ7-14700கே, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட உயர்தரப் பரிந்துரையிலேயே இருக்கிறது, நன்றாகவே ஓடும். ஆனால் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் மின்னழுத்தக் கோளாறால் சிப் நாளடைவில் பழுதாகும் பிரச்சினை இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தம் உள்ள பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) முதல் வேலையாகப் போட வேண்டும். பழையதாக வாங்குவதானால், திருத்தம் வருவதற்கு முன் அந்தச் சிப் எவ்வளவு காலம் ஓடியது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. தவிர்ப்பதே நல்லது. கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், சிமுலேட்டரில் எக்ஸ்3டிக்கு ஈடு கொடுக்காது.

கையில் ஏற்கெனவே ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) மதர்போர்டு இருந்தால் கதையே வேறு. பயாஸை அப்டேட் செய்து 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால் ஒன்றை மாட்டுங்கள். போர்டு, ரேம் எதையும் மாற்ற வேண்டாம். காசுக்கு இவ்வளவு பலன் தரும் அப்கிரேட் இந்தத் துறையில் வேறு இல்லை.

இப்போது கிராஃபிக்ஸ் கார்டு. இதைத் திரைதான் தீர்மானிக்கிறது. 1080பியில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். 1440பியிலிருந்து 4கேக்குப் போனால் கார்டின் சுமை இரண்டு மடங்குக்கு மேல் கூடும், மெயின் த்ரெட்டின் சுமை அநேகமாக அப்படியே இருக்கும். மூன்று 1440பி மானிட்டர்களை வரிசையாக வைத்தால் 1 கோடியே 10 லட்சம் பிக்சல், 4கேயையும் தாண்டிவிடும். பார்வைக் கோணம் விரிவதால் அப்போது ப்ராசசருக்கும் வேலை கூடும்.

கார்டின் வேகத்தைவிட விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விரேம் நிரம்பினால் எஃப்பிஎஸ் மெதுவாகக் குறையாது, தடாலென்று விழும். 45-ல் ஓடிக்கொண்டிருந்தது, இறங்கும்போது விமான நிலையத்தின் உயர்தர டெக்ஸ்சர்கள் ஏறியதும், அல்லது வெளிப்பார்வைக்கு மாறிய நொடியில், ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். இடமில்லாத டெக்ஸ்சர்கள் ரேமில் போய் அமர்ந்து, பிசிஐஇ (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) வழியாகப் போவதும் வருவதுமாக இருப்பதால் வரும் வினை இது. டெக்ஸ்சர் தரத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கியதும் எஃப்பிஎஸ் திரும்பி வந்தால் குற்றவாளி விரேம்தான். அதிகாரப்பூர்வப் பரிந்துரை 8 ஜிபி என்றும், உயர்தரத்துக்கு 12 ஜிபி என்றும் சொல்கிறது. புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபி என்றால் 1440பிக்கே தொடாதீர்கள். 12 ஜிபி ஆரம்பம். 4கே, விஆர் எண்ணம் இருந்தால் 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8, 16 ஜிபி என இரண்டு வகையிலும் வருகிறது, பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் தேவைக்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, இரண்டும் 16 ஜிபி, பொருத்தமாக இருக்கும். இதற்கு மேலே உள்ள கார்டுகளின் பலன் 4கே, விஆரில்தான் கண்ணுக்குத் தெரியும்.

குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளியே மேகமும் மலையும் அருமையாக இருக்கும். குனிந்து காக்பிட்டைப் பாருங்கள். ஏறும்போது பிஎஃப்டியின் (வேகம், உயரம் காட்டும் முதன்மைத் திரை) வலப்பக்க உயரப் பட்டையில் ஓடும் எண்கள் வால் விட்டதுபோல் இழுபடும். பெர்ஃபார்மன்ஸ் நிலையில் மோசம், குவாலிட்டி நிலையில் தாங்கலாம். ஏர்லைனர் ஓட்டுபவர் பாதி நேரம் அந்தத் திரைகளைத்தான் பார்க்கிறார், எனவே கார்டுக்குச் சக்தி இருந்தால் பெரிதாக்காமல் முழு அளவிலேயே வரையும் டிஏஏவே கூர்மை. ஃப்ரேம் ஜெனரேஷன், அதாவது நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கார்டே செயற்கை ஃப்ரேம்களைச் செருகுவது, வேறு விஷயம். 35-ஐ 60, 70 என்று காட்டும், கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் கைக்கு எட்டுவது அந்தப் பழைய 35-தான், அதிலும் சிறு தாமதம் சேரும். விரேமையும் கொஞ்சம் தின்னும். ஏர்லைனருக்குப் பரவாயில்லை. ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்துவதற்கோ, டிசிஎஸ்ஸில் (போர் விமான சிமுலேட்டர்) டேங்கர் விமானத்தின் பின்னால் ஒட்டிப் பறந்து எரிபொருள் பிடிப்பதற்கோ உதவாது. அடிப்படை எஃப்பிஎஸ் 20 என்றால் எதற்குமே உதவாது.

எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டுபவர்களுக்கு ஒரு தகவல். எஃப்பிஎஸ் 20-க்குக் கீழே போனால் அது படத்தை மட்டும் திணறவிடாது, சிமுலேஷனின் நேரத்தையே மெதுவாக்கிவிடும். விமானம் நிஜத்தைவிட மெல்லப் பறக்கும். ஆன்லைன் ஏடிசியோடு (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பறக்கும்போது பின்னால் வருபவருக்குத் தொல்லை.

ரேம் 32 ஜிபி போதும். ஆட்-ஆன் நிறையப் போட்டு, கூடவே பிரவுசர், சார்ட் மென்பொருள், ட்ராஃபிக் மென்பொருள் எல்லாம் திறந்து வைப்பவர் என்றால் 64. டிசிஎஸ் மல்டிபிளேயரும் 64-ஐ நியாயப்படுத்தும். எவ்வளவாக இருந்தாலும் இரண்டே குச்சிகளாக வாங்குங்கள். ஏஎம்5 (இன்றைய ரைசன்களுக்கான சாக்கெட்) போர்டில் நான்கு குச்சி போட்டால் வேகம் படுத்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்வது இரண்டு குச்சிக்கு டிடிஆர்5-5200, நான்குக்கு 3600. நடைமுறையில் டிடிஆர்5-6000 சிஎல்30 (ரேமின் தாமத அளவு) ஜோடி ஒன்று தொல்லையில்லாமல் ஓடும். மாட்டியதோடு வேலை முடியாது, பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 6000 என்று வாங்கியது 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மதர்போர்டில் பகட்டு வேண்டாம். பி650 அல்லது பி850 சிப்செட் உள்ள போர்டு போதும். பழைய ஸ்டாக் பி650-யில் 9800எக்ஸ்3டியைப் போட்டால் பயாஸ் அப்டேட் இல்லாமல் எழும்பாது, எனவே ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள். பின்பக்கம் யுஎஸ்பி துளைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். யோக், த்ராட்டில், ரட்டர் பெடல், ஹெட் ட்ராக்கர் என்று வந்துகொண்டே இருக்கும். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்கி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ஹப்புக்கும் மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நீண்ட பயணத்தில் மூன்று மணி நேரம் தொடாமல் இருந்த த்ராட்டில் இறங்கும் நேரத்தில் காணாமல் போவதற்கு அந்த டிக் பல நேரம் காரணம்.

எஸ்எஸ்டி: என்விஎம்இ, 2 டிபி. பிசிஐஇ 5 வகைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், பறக்கும்போது வித்தியாசமே தெரியாது. 2024 பதிப்பு தரைக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இழுப்பதால், பரிந்துரைக்கும் 50 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைக்கிறதா என்பதே முக்கியம். கிடைக்காவிட்டால் கட்டடங்கள் உருகிய மெழுகுபோல் நிற்கும், அதற்கு கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டிப் பயனில்லை.

பவர் சப்ளைக்கு, 9800எக்ஸ்3டி உச்சத்தில் 162 வாட், 5070 டிஐ 300 வாட், மற்றவற்றையும் சேர்த்து நல்ல தரமான 750 வாட் போதும். 5080 என்றால் 850. ஏடிஎக்ஸ் 3.1 வகையாக எடுத்தால் கார்டுக்கான 16 பின் கேபிள் கூடவே வரும். அதை 'க்ளிக்' என்று முழுவதும் உள்ளே தள்ளுங்கள், கனெக்டரை ஒட்டியே மடக்காதீர்கள். சரியாக உட்காராத கனெக்டர் சூடாகி உருகியிருக்கிறது. கூலருக்கு இரட்டை டவர் ஏர் கூலர் போதும், தண்ணீர் கூலர் அழகுக்கு.

விஆர் போவதாக இருந்தால் இப்போதே கார்டில் ஒரு படி மேலே யோசியுங்கள். குவெஸ்ட் 3-இல் கண்ணுக்கு 2064×2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம் பிக்சல். லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட அதைவிடப் பெரிதாகவே வரைய வேண்டியிருக்கும். அதாவது 4கேயைவிடக் கனமான வேலை, அதுவும் தலை அசையும்போது திணறாமல்.

லேப்டாப்பில் ஓட்டலாமா என்றால் ஓடும், ஆனால் பெயரை நம்பாதீர்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் இருப்பது டெஸ்க்டாப் 4080-இன் சிப், விரேமும் 24 அல்ல, 16 ஜிபி.

காசு கொடுக்கும் முன் இப்போதுள்ள பிசியில் ஒரு சோதனை செய்யுங்கள். சிமுலேட்டரின் டெவலப்பர் மோடை ஆன் செய்து, மேலே வரும் பட்டையிலிருந்து எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால் மெயின் த்ரெட் தடுக்கிறதா, ஜிபியு தடுக்கிறதா என்று அதுவே சொல்லும். ஃப்ரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள். உறுதிப்படுத்த, ரெண்டர் ஸ்கேலிங்கை (படம் வரையப்படும் பிக்சல் அளவு) 100-லிருந்து 70-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் ப்ராசசர்தான் மாற வேண்டும். அதைத் திரும்ப 100-ல் வைத்து டெரெய்ன் எல்ஓடியை (தரைக்காட்சி எவ்வளவு தூரம் வரை விவரமாக வரையப்படும் என்ற அளவு) 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் அதே முடிவுதான். இதை வெட்டவெளியில் செய்யாதீர்கள், நீங்கள் வழக்கமாகப் போகும் கனமான விமான நிலையத்தில், வழக்கமான ஏர்லைனரில், ட்ராஃபிக்கோடு செய்யுங்கள். புதிய பிசி வந்த பிறகும் அதே இடத்தில் அளந்து, அங்கே கிடைக்கும் மிகக் குறைந்த எஃப்பிஎஸ்ஸுக்குச் சற்றுக் கீழே பூட்டிவிடுங்கள். 120 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40, 60 ஹெர்ட்ஸில் 30 சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் திரையில் சம நேரம் நிற்கும். 35-க்கும் 70-க்கும் நடுவில் தாவிக்கொண்டிருப்பதைவிட, அசையாத 40 கண்ணுக்கு எவ்வளவோ இதம்.